பிடியரிசியும் ஒரு கையெழுத்தும்

எய்யா,

நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். சென்னையில் ரிஜிஸ்திரார் கச்சேரியில் நீயும் கமலாவும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்கள், சாட்சிகளில் ஒருத்தியாக நான் வந்து கையெழுத்துப் போடுவேனா என்று கேட்டிருந்தாய். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும் என்பதையும் நீ மறைக்கவில்லை. நீ கிறிஸ்தவன் அல்ல என்று நீ எழுதிக் கொடுக்க வேண்டும், தான் இந்து அல்ல என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குக் கீழேதான் சாட்சிகளின் பெயர் வரும். கடிதத்தின் அடியில் கமலா தன் கையால் இரண்டு வரி சேர்த்திருந்தாள். நான் வராவிட்டால் அவள் வருத்தப்பட மாட்டாளாம், நீதான் வருத்தப்படுவாயாம், அதை நீ எழுத மாட்டாய் என்பதால் அவள் எழுதுகிறாளாம். நர்ஸ் வேலை பார்க்கிற பெண் இல்லையா, வலிக்கிற இடத்தை நேராகத் தொட்டுச் சொல்லப் பழகியிருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. ஆனால் அது உன் கேள்விக்குப் பதில் ஆகாது.

பதில் எழுத நாளாகிவிட்டது. எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தைக் கோடை விடுமுறைக்கு மூடிவிட்டார்கள். காலையில் மில் சங்கு ஊதியதும் எழுந்திருக்கிறேன், ஒரு ஆளுக்கு உலை வைக்கிறேன், அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இருப்பதில்லை. மத்தியானம் கச்சான் காற்று உப்பளத்துப் பக்கமிருந்து அடிக்கும்போது ஜன்னல் கதவுகள் மட்டும் பேசுகின்றன. இரண்டு நாள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பால்காரரிடம் காசு கொடுக்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. உன் மேல் பாரம் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள். இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு, ஒன்று நம் சபையின் போதகரான ஐயருக்கு. அவரும் இதே கேள்விக்குத்தான் என்னிடம் பதில் கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு பதில் சொல்லிப் பழக்கம் எனக்கு இல்லை, உனக்கும் இல்லை.

நீ பிறப்பதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எனக்குத் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். நீ வயிற்றில் இருந்தபோது நானும் உன் அப்பாவும் ஒரு பொருத்தனை செய்தோம். இந்தப் பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறோம், ஐயராகப் படிக்கவைக்கிறோம் என்று. நாசரேத், சாத்தான்குளம் பக்கம் நம் ஜனங்களில் இப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். யாரும் அதை விசித்திரமாக நினைப்பதில்லை. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சபைக்கு முன்னால் உன் அப்பா அதைச் சொன்னார், சபை ஆமென் என்றது. அந்த நாட்களில் இங்கே ஒரு முத்துக்குளிப்பு நடந்தது. கடற்கரையில் கொட்டகை போட்டு, சிப்பியைக் குவியல் குவியலாக ஏலம் விட்டார்கள். திறந்து பார்த்து வாங்குகிற வழக்கம் அதில் இல்லை. மூடின சிப்பியை மூடினபடியே ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பது பிறகு அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்போதுதான் தெரியும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அதை வேடிக்கை பார்த்தேன். பி.ஏ. படித்த எனக்கு, நாங்கள் செய்ததும் அதுதான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

பிடியரிசி உனக்கு நினைவிருக்கும். கமலாவுக்கு விளங்காது, அவளும் இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் உலையில் அரிசி போடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒருவர் தகர டின்னோடு வந்து அதை வாங்கிப்போவார். அது கோயிலுக்குச் சேரும். பணமாகக் கொடுக்க ஒன்றும் இல்லாதவர்களும் இதைக் கொடுக்கலாம், தங்கள் சோற்றிலிருந்து கொடுக்கலாம், அதுதான் அதன் மரியாதை. நீ ஐயர் படிப்புக்குச் செமினரிக்குப் போன வருஷம் பெண்கள் கூடிப் பேசி, இனி பிடியரிசி உன் படிப்புக்கு என்று முடிவு செய்தார்கள். யுத்தம் வந்து, பர்மா அரிசி நின்று, கடையில் சோளமும் கம்பும் போட்டபோதும் அந்தப் பிடி நிற்கவில்லை. டின்னைத் தூக்கி வந்தவர் அன்னப்பழத்தக்கா. தெருவில் இருக்கிற எல்லாரையும் அதட்டுவதற்கு உரிமை பெற்றவர். நீ சின்னப்பிள்ளையில் அவரைக் கண்டால் அடுப்படிக்குள் ஓடி ஒளிவாய். “ஐயராவப் போற பய ஒளியலாமாலே? நாளைக்குப் பிசாசு வந்தா நீதானே வெரட்டணும்?” என்று வாசலிலிருந்தே சத்தம் போடுவார். “பிசாசுன்னா பரவாயில்ல” என்று நீ என் காதில் சொன்னாய். அதை நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

நீ எந்த நாளில் எங்களை விட்டு நகர ஆரம்பித்தாய் என்று இந்த விடுமுறை முழுவதும் யோசித்துப் பார்த்தேன். சபையில் எல்லாரும் நீ செமினரியில் படித்த ஒரு புத்தகத்தைச் சொல்கிறார்கள். எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வருகிறது. உனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். திரேஸ்புரத்துத் தோணிக்காரர் ஒருவர், கப்பலிலிருந்து மூட்டை இறக்கும்போது நசுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். உன் அப்பா நம் சபைக்காரர் யாரையோ பார்க்கப் போனவர், உன்னையும் கூட்டிப் போயிருந்தார். அந்த மனிதர் ரோமன் கத்தோலிக்கர். அவர்களுடைய சாமியாருக்கு ஆள் போயிருந்தது, சாமியார் வந்து சேரவில்லை. உன் அப்பா உபதேசியார், ஜெபம் பண்ணுவதுதான் அவருடைய வேலை. ஆனால் அடுத்த சபைக்காரரின் மரணப் படுக்கையில் தான் ஜெபம் பண்ணலாமா என்று அவருக்குச் சந்தேகம். உயிர் போகும்வரை அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பலியே. நான் என்ன உபதேசி?” என்று என்னிடம் சொல்லி அழுதார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீங்க கையப் பிடிச்சிருந்தீங்கல்லா அப்பா. அவர் உங்களப் பாத்துக்கிட்டே இருந்தாரே” என்றாய். உன் அப்பா உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் தெரிகிறது. ஆறுதல் அடைந்த பார்வை இல்லை அது. பயந்த பார்வை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் அவர் இருந்தார்.

பிறகு அந்தப் பிரசங்கம். செமினரியில் மூன்றாம் வருஷ விடுமுறைக்கு வந்தபோது ஐயர் உன்னைப் பிரசங்கபீடத்தில் ஏற்றினார். யுத்தத்துக்குப் போன பிள்ளைகளைப் பற்றியும், காத்திருக்கிறவர்களைப் பற்றியும் பேசினாய். முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அன்னப்பழத்தக்காவின் மகன் அப்போது பட்டாளத்தில் இருந்தான். அவர் வாய்விட்டே அழுதார். கோயில் விட்டு வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சரு, நம்ம அரிசி வீண்போவல” என்றார். நான் தலைகால் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். நீ அடுப்படி நடையில் உட்கார்ந்திருந்தாய். “அம்மா, நான் சொன்னதுல ஒண்ணைக்கூட நான் நம்பல. ஆனா அவங்க அழுதாங்க. நம்பாமலே அழ வைக்க முடியுதுன்னா, இன்னும் நாப்பது வருசம் இதையே செய்துருவேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாய். நான் மீன் குழம்பை இறக்கிக்கொண்டே, படிப்பு முடியட்டும், நம்பிக்கை தானாக வரும் என்றேன். நீ நன்றாகச் சாப்பிட்டாய். விடுமுறை முடிந்து ரயிலேறினாய். அடுத்த பருவத்தில் செமினரியை விட்டுவிட்டாய் என்று கடிதம் வந்தது.

செய்தி தெருவுக்கு வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. சனிக்கிழமை டின்னோடு வந்த அன்னப்பழத்தக்கா அரிசியை வாங்காமல் வாசலில் நின்றார்.

“ஒங்க மவன் படிப்ப விட்டுட்டானாமே?”

“ஆமக்கா. மெட்ராஸ்ல இருக்கான். பகல்ல ஒரு ஆபீஸ்ல வேல, சாயங்காலம் தொழிலாளிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துதான்.”

“இதுக்கா நாங்க வயித்தக் கட்டி எடுத்துவச்சோம்? தொழிலாளிக்கு வாத்தியார் வேணும்னா சர்க்கார் வைக்கட்டும். இவனுக்கு யாரு மருந்து வச்சா?”

மருந்தெல்லாம் ஒன்றும் இல்லை, ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய புத்தகம்தான் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“ஜெர்மன்காரனா? குண்டு போட்டதோட அவனுவளுக்கு அடங்கலியா? பிள்ளையையும் பிடிச்சிட்டுப் போறானுவளா?”

“இவர் செத்து ரொம்ப காலமாச்சு அக்கா.”

“செத்தவன் எங்கயாவது பிள்ளை பிடிப்பானா? படிச்சவிய பேசுத பேச்சா இது?” என்று டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்று முதல் டின் என் வாசலில் நிற்பதில்லை. தகரத்தில் அரிசி விழுகிற சத்தம் பக்கத்து வீட்டில் கேட்கும், பிறகு எதிர்வீட்டில் கேட்கும். கோயிலில் என் பெஞ்சில் இடம் எப்போதும் தாராளமாக இருக்கிறது. ஒருவரும் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

ஆனால் கை கேட்கவில்லை. உலை கொதித்ததும் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைகிறேன். ஒரு ஆள் ரேஷனில் அது எவ்வளவு பெரிய பிடியாக இருக்கும்? வாங்குவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தும் போடுகிறேன். ஒருநாள் போட்ட பிறகு கையைப் பார்த்தேன். இது யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். என் பிள்ளையைக் கூட்டிப்போனவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள எனக்கும் உரிமை உண்டல்லவா?

அது சுலபமான புத்தகம் இல்லை. ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பெண் என்று பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவளும் ஏதோ ஒரு வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரிவரியாக இதோடு மல்லுக்கட்டியிருப்பாள். பாளையங்கோட்டைக்குப் போன சமயம் கல்லூரி நூலகத்தில் அந்த ஜெர்மானியரைப் பற்றி இருந்ததையெல்லாம் கேட்டு வாங்கிப் படித்தேன். அவரும் உன்னைப் போல இறையியல் படிக்கப் போனவர் என்பது எனக்குத் தெரியாது. பையனாக இருந்தபோது பக்தி மிகுந்தவராம், தானாகவே விரும்பிப் போனாராம். அவரை யாரும் பொருத்தனை செய்து கொடுக்கவில்லை. படிக்கப் படிக்க அது போதாமல், தத்துவத்துக்கு மாறப்போகிறேன் என்று தகப்பனாருக்கு எழுதியிருக்கிறார். பிறகு மரணத்துக்கு அப்பால் தனிமனிதனுக்கு ஒன்றும் இல்லை என்று, பெயர் போடாமல் ஒரு நூல் எழுதினார். எழுதியவர் யார் என்று வெளிப்பட்டுவிட்டது, அதோடு பேராசிரியர் வேலைக்கான வழியெல்லாம் அடைபட்டுவிட்டது. மனைவியின் குடும்பத்துக்குப் பங்கு இருந்த பீங்கான் ஆலைக்குப் பக்கத்தில், ஒரு கிராமத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மிச்சத்தையெல்லாம் எழுதினார். ஆலையும் ஒருநாள் நொடித்தது. கடைசிக் காலம் கஷ்டம்தான். இவ்வளவும் கிடைத்தது. அவருடைய தகப்பனார் பெரிய சட்ட அறிஞர் என்று கிடைத்தது. தாயைத் தேடினேன். அவர் இறையியலை விட்ட நாளில் அவருடைய தாய் என்ன சொன்னாள், சாப்பிட்டாளா, அழுதாளா, அக்கம்பக்கத்தில் என்ன பதில் சொன்னாள் என்று நான் புரட்டிய எதிலும் ஒரு வரி இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து எனக்கு அந்த அம்மாளை நினைத்துத்தான் துக்கமாக வந்தது.

அவர் சொல்வதில் எனக்குப் பிடிபட்டதை என் வார்த்தையில் எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. அன்பு, இரக்கம், நீதி என்று மனிதனிடத்தில் இருக்கிற உயர்ந்ததையெல்லாம் மனிதன் தன்னிடமிருந்து பிரித்து மேலே கொண்டுபோய் வைத்து, அதற்கு முன்னால் தானே ஏழையாக நிற்கிறான். கடவுளைப் பற்றி நாம் பேசியதெல்லாம் உண்மையில் மனிதனைப் பற்றிய பேச்சு. ஆகவே அதை மனிதனுக்கே திருப்பிக் கொடுங்கள், மனிதனுக்கு மனிதன்தான் என்கிறார். படித்தபோது நான் கோபப்படவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். உன் அப்பா பிடித்திருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. பிடியரிசி நினைவுக்கு வந்தது. கடவுளுக்கு என்று எடுத்து வைத்தோம், சாப்பிட்டு வளர்ந்தது நீ. கொடுத்தவர்கள் பசித்த பெண்கள். நடுவில் கடவுள் எங்கே இருந்தார் என்று அந்த ஜெர்மானியர் கேட்பார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நீ உன் பள்ளிக்கூடத்துத் தோழர்களிடமும் கேட்டுப் பார். மனிதனுக்கு மனிதன் என்பது சரி. அதற்கு முதலில் ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும். உனக்குக் கமலா இருக்கிறாள், சாயங்காலமானால் உன் பலகைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஜெர்மானியருக்கும் கிராமத்தில் மனைவியும் மகளும் இருந்தார்கள். இங்கே மத்தியானம் மூன்று மணிக்கு, காற்று ஜன்னலை அடிக்கிற நேரத்தில், இந்த வீட்டில் நான் யாரிடம் போவேன்? அப்போது நான் ஒருவரிடம் பேசுகிறேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டே பேசுகிறேன். இன்றைக்கு அரிசியில் கல் அதிகம் என்றுகூடச் சொல்கிறேன். என் தேவையிலிருந்து நானே அவரை உண்டாக்கிக்கொண்டேன் என்று உன் ஜெர்மானியர் சொல்லலாம். இருக்கலாம். நான் வாதாடப் போவதில்லை. அவரை எடுத்துவிட்டால் அந்தத் தேவை எங்கே போகும் என்றுதான் கேட்கிறேன். அந்தப் புத்தகத்தில் நான் அதைத் தேடினேன். எனக்கு அகப்படவில்லை. ஆகவே நான் இருக்கிற இடத்தில்தான் இருப்பேன். நீ இருக்கிற இடத்தில் இரு. நான் உனக்காக மாறிவிட்டதாக நடித்தால், நீ பிரசங்கபீடத்தில் செய்ய மறுத்ததை நான் ரிஜிஸ்திரார் மேசையில் செய்ததாக ஆகும்.

ஐயர் இரண்டு வாரத்துக்கு முன் வந்தார். உன் கல்யாணச் செய்தி அவர் காதுக்கும் எட்டிவிட்டது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் மழையைப் பற்றியும் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றியும் பேசினார். பிறகு, “அந்தப் பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தா நானே முன்னால நின்னு முடிச்சுவைப்பேம்மா. கோயில் மணிய நானே அடிப்பேன்” என்றார்.

“அவ எடுக்க மாட்டா. இவன் கேக்கவும் மாட்டான், ஐயரே.”

“நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. தாய் போறதை யார் தடுப்பா? கையெழுத்து மட்டும் வேண்டாம். நான் கிறிஸ்தவன் இல்லன்னு பிள்ளை எழுதினதுக்குக் கீழ பெத்தவ பேரு இருந்தா, அது சும்மா பேரு இல்ல.”

“போட்டா என்ன ஆகும்?”

அவர் தம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். “கமிட்டி கேக்கும். நற்கருணைக்கு நீங்க வரலாமான்னு கேப்பாங்க. பள்ளிக்கூடத்துல நீங்க இருக்கலாமான்னும் ஒருத்தர் ரெண்டு பேர் கேப்பாங்க. நான் உங்களுக்காகப் பேசுவேன். எவ்வளவு தூரம் எடுபடும்னு தெரியாது” என்றார். அவர் நல்ல மனிதர். மிரட்டவில்லை, இருப்பதைச் சொன்னார். யோசித்துப் பதில் தருகிறேன் என்று அனுப்பினேன். அவர் போன பிறகு அந்த ஒற்றைத் தம்ளரைக் கழுவி வைத்தேன். இந்த வீட்டில் இரண்டு தம்ளர் நனைந்து எத்தனையோ நாளாகியிருந்தது. கோயிலும் பள்ளிக்கூடமும் போய்விட்டால் எனக்கு இந்த ஊரில் கடலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதை நினைத்துக்கொண்டு அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தேன். உனக்கு வர முடியாது என்று எழுதுவதற்குக் காகிதமும் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் உலை வைக்கப் போனபோது பிடியை எடுத்துப் பானையில் போட்டேன், அது விளிம்பைத் தாண்டித் தரையில் சிந்தியது. பானை நிறைந்துவிட்டது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. வாங்க ஆள் இல்லாதபோதும் நான் இதைப் போட்டுக்கொண்டிருந்தது பழக்கத்தினால் மட்டும் இல்லை. கொடுப்பது நின்றுவிட்டால் எனக்கு யாருமே இல்லை என்று ஆகிவிடும். நீயும் நம்பாததைச் சொல்லி சபையோடு இருந்திருக்கலாம். சொல்லாமல் தனியாகப் போனாய். அன்றைக்கு நடையில் உட்கார்ந்து பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னவனுக்கு நான் குழம்பை இறக்கிக்கொண்டே பதில் சொன்னேன். இப்போது இரண்டாம் தடவை கேட்கிறாய், கூட வந்து நிற்பாயா என்று. காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை டின் என் வாசலைத் தாண்டும்போது நானே வெளியே போய் நின்றேன். “அக்கா, என் மவன் கலியாணத்துக்குப் போறேன். பிடியரிசிய அங்க கொண்டுபோறேன். நாளைக்குக் கேள்விப்படுததுக்கு முன்னால நானே சொல்லிருதேன்” என்றேன்.

“கோயிலுக்கு எடுத்து வச்சதக் கலியாணத்துக்குக் கொண்டுபோவியளோ?”

“நீங்கதான் வாங்க மாட்டேங்கியளே.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டின்னை வாசல்படியில் வைத்துவிட்டு, நான் கூப்பிடாமலே அடுப்படிக்குள் போய்ப் பானைக்குள் கையை விட்டார். “வேப்பில போட்டு வைக்கலியா? ஐயய்ய. பூரா புழு. பி.ஏ. படிச்சிருக்காவளாம்” என்றார். சுளகைக் கொண்டுவரச் சொன்னார். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அவ்வளவு அரிசியையும் புடைத்தார். நான் எதிரில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். நடுவில் ஒருதடவை, “அந்தப் பிள்ள எப்படி, சிவப்பா?” என்று கேட்டார். நான் பார்த்ததில்லை என்றேன். “பாக்காமலேயா இம்புட்டுக் கூத்து” என்றார். எழுந்து சேலையை உதறிக்கொண்டு, “ஒங்க கூடச் சேந்துட்டேன்னு நெனச்சிராதிய. புழு அரிசிய மருமவளுக்குக் கொண்டுபோனா நம்ம சபைக்கில்லா அவமானம்” என்று சொல்லிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல என் வாசலைத் தாண்டித்தான் போனார். அதனால் இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வருகிறேன். ஜில்லா விட்டு ஜில்லா அரிசி கொண்டுபோகக் கூடாது என்று ரயிலில் சோதிக்கிறார்களாம். தலையணை உறைக்குள் போட்டுத் தைத்துவிட்டேன். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிற டீச்சரை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? கல்யாணச் சோற்றுக்குக் காணாது. பாயசத்துக்குக் காணும். அதைக் கமலா கையில் கொடுப்பேன், எங்கிருந்து வந்தது என்று நீதான் அவளுக்குச் சொல்ல வேண்டும். பசித்த பெண்கள் உலையிலிருந்து எடுத்து வைத்ததைத் தின்று நீ படித்தாய். அவர்கள் நினைத்த வேலையை நீ செய்யாமல் போகலாம், அவர்களை மறக்கலாகாது. உன் பள்ளிக்கூடத்தில் பலகைக்கு முன்னால் உட்காருகிறவன் சாப்பிட்டுவிட்டு வந்தானா என்று கேட்டுவிட்டுப் பாடம் தொடங்கு. மனிதனைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறவர்கள் பக்கத்து வீட்டு மனிதரைக் கவனிக்காமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். கோயிலிலும் பார்த்திருக்கிறேன், ஆகவே உன் பக்கத்தை மட்டும் குறை சொல்லவில்லை. கமலா உன்னிடம் ஏதாவது பயமாக இருக்கிறது என்று சொன்னால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேள்.

கையெழுத்துப் போடுகிறேன். கடவுள் இல்லை என்பதற்கு அது சாட்சி இல்லை, அதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. நம்பாததை நம்புகிறேன் என்று சொல்ல என் மகன் மறுத்தான், அதை என் காதால் கேட்டேன், அதற்குத்தான் என் பெயர். ரிஜிஸ்திராருக்கு இந்த வித்தியாசம் வேண்டியதில்லை. உனக்கும் ஐயருக்கும் வேண்டும். ஐயரே, நீங்கள் கேட்ட பதில் இதுதான். கமிட்டி கூடும்போது இதைப் படித்துக் காட்டுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை என் பெஞ்சில்தான் இருப்பேன். எழுந்து போகச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

என்னை அங்கேயே தங்கச் சொல்லாதே, எய்யா. நீங்கள் இருவரும் சொல்வீர்கள் என்று தெரியும், சொன்னால் எனக்கு மனசு தளர்ந்துவிடும். இந்த வீடும் அந்தக் காற்றும் மூன்று மணியும் எனக்குப் பழகிவிட்டன. திரும்பி வந்த அன்றைக்கு உலை வைக்கும்போது காலிப் பானையில் முதல் பிடி விழுகிற சத்தம் கேட்கும். உன் ஜெர்மானியருடைய தாயைப் பற்றி நான் தேடிய எதிலும் ஒரு வரி இல்லை என்றேன் அல்லவா? நாளைக்கு உன் பிள்ளைகள் கேட்டால் நீ அப்படித் தவிக்க வேண்டியதில்லை. உங்கள் ஆச்சி வந்தாள், தலையணைக்குள் அரிசி கொண்டுவந்தாள், கையெழுத்துப் போட்டாள், பாயசம் குடித்துவிட்டுச் சாயங்கால ரயிலில் தனியாகத் திரும்பிப் போனாள் என்று சொல்.

அம்மா